கோப்புக்குக் காவல் யார்? கணினியில் அணுகல் அனுமதி வளர்ந்த வரலாறு



பள்ளியில் நாம் கையாளும் ஏடுகள் பலவகை. அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளை எவரும் படிக்கலாம், எவரும் திருத்தலாகாது. வருகைப் பதிவேட்டை வகுப்பாசிரியர் எழுதுவார். தலைமையாசிரியர் பார்வையிட்டுக் கையொப்பமிடுவார். ஒரு மாணவனின் குடும்ப நிலையும் உடல்நலக் குறிப்பும் அடங்கிய கோப்போ பூட்டிய அலமாரியில் இருக்கும். இந்த ஒழுங்கை யாரும் நமக்குப் பாடமாக நடத்தியதில்லை. மனிதர்களுக்கு இயல்பாக உள்ள தயக்கமும் பொறுப்புணர்வும் அதைக் காத்து வந்தன.

இன்று அவ்வேடுகள் அனைத்தும் கணினிக்குள் கோப்புகளாகிவிட்டன. கணினிக்குத் தயக்கம் கிடையாது. எழுதிவைத்த விதி எதுவோ அதை மட்டுமே அது பின்பற்றும். ஒரு கோப்பை யார் படிக்கலாம், யார் திருத்தலாம், யார் அழிக்கலாம் என்னும் விதியை எவ்வாறு எழுதுவது? இக்கேள்விக்கு விடைகாண அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக முயற்சி நடந்து வருகிறது. அம்முயற்சியில் தோன்றிய முறைகளை ஒப்பிட்டுக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். எந்த முறை உயர்ந்தது என்பதைக் காட்டிலும், ஒவ்வொரு முறையும் எந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டது என்பதையே நான் முதன்மையாகப் பார்க்க விழைகிறேன். ஏனெனில், இழப்பு நேர்ந்த இடங்களெல்லாம் அந்தக் கேட்கப்படாத கேள்வியின் வழியாகவே நேர்ந்துள்ளன.

பூட்டுத் தேவைப்பட்ட காலம்

தொடக்கக் காலக் கணினிகளில் அணுகல் அனுமதி என்னும் பேச்சுக்கே பெரும்பாலும் இடமில்லை. நிரலைத் துளையட்டைகளில் பதித்து, அந்த அட்டைக்கட்டைக் கணினி இயக்குநரிடம் கொடுக்க வேண்டும். அவர் ஒவ்வொருவரின் வேலையையும் வரிசைப்படி கணினியில் ஏற்றுவார். ஒருவருடைய தரவுகள் அவருடைய அட்டைகளிலும் காந்த நாடாவிலும் இருந்தன. மேசை அறையைப் பூட்டினால் கோப்பும் பூட்டப்பட்டுவிடும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இந்நிலை மாறியது. அங்கே ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ தலைமையிலான குழுவினர் 1961 நவம்பரில் சி.டி.எஸ்.எஸ். என்னும் நேரப்பகிர்வு இயங்குதளத்தைச் செய்து காட்டினர். பலர் தனித்தனி முனையங்களில் அமர்ந்து ஒரே கணினியை ஒரே வேளையில் பயன்படுத்த அது வழிசெய்தது. எல்லாருடைய கோப்புகளும் பொதுவான வட்டில் சேமிக்கப்பட்டன. ஆகவே, ஒவ்வொரு பயனருக்கும் ஒரு கடவுச்சொல் கொடுக்கப்பட்டது. 'நீ யார்?' என்று கணினி மனிதனைக் கேட்கத் தொடங்கியது.

அக்கேள்வியின் போதாமை விரைவிலேயே வெளிப்பட்டது. அங்கு ஆய்வு மாணவராக இருந்த ஆலன் ஷெர் என்பவருக்கு வாரத்திற்கு நான்கு மணி நேரமே கணினி நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. அது அவருடைய ஆய்வுக்குப் போதவில்லை. ஒரு துளையட்டையில் கணக்கு எண்ணையும் கோப்பின் பெயரையும் குறித்துக் கொடுத்தால், அக்கோப்பை அச்சிட்டுத் தரும் வசதி அங்கு இருந்தது. 1962-ஆம் ஆண்டில் அவர் கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பின் பெயரையே எழுதிக் கொடுத்தார். அதுவும் அச்சாகி வந்தது! பல ஆண்டுகள் கழித்து அவரே இதை வெளிப்படையாகக் கூறினார். முனையத்தில் அமர்ந்திருந்தால் அக்கோப்பை அவரால் திறந்திருக்க முடியாது. ஆனால், அச்சிடும் வழி எல்லாக் கோப்புகளையும் படிக்கும் உரிமை பெற்றிருந்தது. அது யாருக்காக அச்சிடுகிறது என்பதை எவரும் கேட்கவில்லை.

1966-ஆம் ஆண்டில் அதே இயங்குதளத்தில் வேறொன்று நடந்தது. அங்கிருந்த உரைத்திருத்தி நிரல், தன் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரை இட்டு வந்தது. ஒரு நாள் கணினிப் பொறுப்பாளர் இருவர் ஒரே வேளையில் அந்நிரலைப் பயன்படுத்தினர். ஒருவர் அன்றைய அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். மற்றவர் கடவுச்சொற் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். தற்காலிகக் கோப்புகள் இடம் மாறின. அதன் பின்னர்க் கணினிக்குள் நுழைந்த ஒவ்வொருவரின் முனையத்திலும் அறிவிப்புக்கு மாறாக எல்லாருடைய கடவுச்சொற்களும் வெளியாயின. 1990-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்ற கோர்பாட்டோ, தம் விருது உரையில் இந்நிகழ்வை எடுத்துரைத்தார்.

இவ்விரு நிகழ்வுகளிலும் யாரும் பூட்டை உடைக்கவில்லை என்பதை நினைவில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் இவ்விடத்திற்கு மீண்டும் வருவோம்.

மல்டிக்ஸ்: கோப்புக்கொரு பெயர்ப் பட்டியல்

சி.டி.எஸ்.எஸ். தந்த படிப்பினையைக் கொண்டு, அதே கழகமும் பெல் ஆய்வுக்கூடமும் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனமும் இணைந்து மல்டிக்ஸ் என்னும் பெரிய இயங்குதளத்தை உருவாக்க முனைந்தன. 1965-ஆம் ஆண்டில் டேலி, நியூமன் ஆகிய இருவரும் வெளியிட்ட கட்டுரை அதன் கோப்பு முறையை விளக்கியது. கோப்புறைக்குள் கோப்புறை என்று கிளைத்துச் செல்லும் அமைப்பு அதில் இருந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் அணுகல் பட்டியல் ஒன்றும் இணைக்கப்பட்டது.

திருமண மண்டப வாயிலில் விருந்தினர் பட்டியலுடன் ஒருவர் நிற்பதாக எண்ணிப் பாருங்கள். வருபவரின் பெயர் பட்டியலில் உண்டா, அவருக்கு எந்த அளவு உரிமை என்று பார்த்து அவர் உள்ளே விடுவார். மல்டிக்ஸ் பட்டியலில் பயனரின் பெயருடன் அவர் எந்தத் திட்டக்குழுவின் சார்பில் வருகிறார் என்பதும் எழுதப்பட்டிருக்கும். படிக்கவும் எழுதவும் இயக்கவும் தனித்தனியே அனுமதி வழங்கலாம். பத்துப் பேருக்குப் பத்து விதமான உரிமைகளை அளிப்பதும் இயலும்.

மற்றொரு சிறப்பும் அதற்கு உண்டு. பட்டியலிலிருந்து ஒருவருடைய பெயரை நீக்கினால், அவர் அக்கோப்பை ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்தாலும் அவருடைய உரிமை உடனே நின்றுவிடும். பிற்காலத்து இயங்குதளங்கள் பலவற்றில் இவ்வசதி இல்லை.

இத்தனை நுட்பத்திற்கும் ஒரு விலை இருந்தது. திட்டம் பெருத்தது, காலம் நீண்டது. 1969-ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடம் அதிலிருந்து விலகிக்கொண்டது. ஆயினும், மல்டிக்ஸ் உடனே மறைந்துவிடவில்லை. அவ்வியங்குதளத்தின் கடைசிக் கணினி, கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் 2000 அக்டோபர் 30-ஆம் நாள்தான் நிறுத்தப்பட்டது.

யூனிக்ஸ்: ஒன்பது எழுத்துகளில் ஒரு விதி

மல்டிக்சிலிருந்து விலகி வந்த கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் சிறிய கணினி ஒன்றில் யூனிக்ஸ் என்னும் எளிய இயங்குதளத்தைப் படைத்தனர். அங்கே நீண்ட பட்டியலுக்கு இடமில்லை. 1971 நவம்பரில் வெளியான அதன் முதற்பதிப்புக் கையேட்டில் ஒரு கோப்பின் அனுமதி ஆறே குறிகளில் அடங்கிவிடுகிறது. உரிமையாளர் படிக்கலாமா, எழுதலாமா. மற்றவர் படிக்கலாமா, எழுதலாமா. அதை நிரலாக இயக்கலாமா என்பவை ஐந்து. ஆறாவதைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

அடுத்த சில ஆண்டுகளில் உரிமையாளருக்கும் மற்றவருக்கும் இடையில் குழு என்னும் வகை சேர்ந்தது. படி, எழுது, இயக்கு என மூன்று உரிமைகள். உரிமையாளர், குழு, மற்றவர் என மூன்று வகையினர். மூன்றை மூன்றால் பெருக்க ஒன்பது. தமிழ் முதலெழுத்துகளால் சொல்வதானால், 'பஎஇ ப-இ ப--' என்னும் ஒரு வரி ஒரு கோப்பின் முழு அனுமதியையும் காட்டிவிடும். உரிமையாளர் மூன்றையும் செய்யலாம். குழுவினர் படிக்கவும் இயக்கவும் செய்யலாம். மற்றவர் படிக்க மட்டும் செய்யலாம். படிப்பதற்கு 4, எழுதுவதற்கு 2, இயக்குவதற்கு 1 என்று மதிப்பளித்துக் கூட்டினால் அதே விதி 754 என்னும் எண்ணாகிறது. கூட்டல் அறிந்த மாணவன்கூட இதைப் படித்துவிடலாம். இன்றும் லினக்ஸ் கணினிகளில் இவ்வொன்பது எழுத்துகள் அப்படியே வாழ்கின்றன.

எளிமையாகத் தோன்றினும் இம்முறையில் கவனிக்க வேண்டிய நுட்பங்கள் மூன்று உள்ளன.

முதலாவது, கணினி முதலில் 'இவர் உரிமையாளரா?' என்று பார்க்கும். ஆம் எனில் உரிமையாளருக்குரிய மூன்று எழுத்துகளை மட்டுமே நோக்கும். உரிமையாளருக்குப் படிக்கும் அனுமதி இல்லாமல் மற்றவருக்கு இருந்தால், ஊரார் படிக்கும் கோப்பை உடையவர் படிக்க இயலாது!

இரண்டாவது, ஒரு கோப்பை அழிக்க அக்கோப்பின்மீது எழுதும் உரிமை தேவையில்லை. அதைக் கொண்டிருக்கும் கோப்புறையின்மீதுதான் தேவை. யூனிக்சைப் பொறுத்தவரை கோப்புறை என்பது பெயர்களை எழுதிவைத்த ஓர் ஏடு. அழித்தல் என்பது அவ்வேட்டிலிருந்து ஒரு பெயரை அடித்துவிடுதல். ஆதலால், ஏட்டில் எழுதும் உரிமை பெற்றவர், தாம் படிக்கவும் முடியாத பிறர் கோப்பை நீக்கிவிடலாம். எல்லாரும் பயன்படுத்தும் தற்காலிகக் கோப்புறையில் இது தொல்லையானபோது, அவரவர் கோப்பை அவரவரே நீக்கலாம் என்னும் தனிக்குறி பின்னர்ச் சேர்க்கப்பட்டது.

மூன்றாவது, கோப்பைத் திறக்கும் வேளையில் மட்டுமே சோதனை நடைபெறும். திறந்த பின்னர் அனுமதியை நீக்கினாலும், திறந்துவைத்திருப்பவர் தொடர்ந்து படித்துக்கொண்டே இருக்கலாம். மல்டிக்ஸ் செய்ததை யூனிக்ஸ் விட்டுவிட்ட இடங்களுள் இதுவும் ஒன்று.

இம்முறையின் பெருங்குறை வேறு. ஒரு கோப்புக்கு ஓர் உரிமையாளர், ஒரு குழு, அவ்வளவுதான். மதிப்பெண் கோப்பைப் பாட ஆசிரியர்கள் படிக்க வேண்டும், துணைத் தலைமையாசிரியர் திருத்த வேண்டும், மற்றவர் காணக்கூடாது. உரிமையாளர் மூன்றாம் நபர் ஒருவர் எனில் ஒன்பது எழுத்துகளில் இதை எழுத இயலாது. புதிய குழுவை அமைக்கலாம் என்றால், அதற்கும் பொதுவாகக் கணினி நிர்வாகியையே நாட வேண்டும். அவர் வரும்வரை வேலை நிற்குமா? பொறுமையிழந்தவர் 777 என்று அடித்துவிடுவார். எல்லாருக்கும் எல்லா உரிமையும்! வேலை நடந்துவிடும், பூட்டு திறந்தே கிடக்கும்.

ஆறாவது குறியும் ஒரு புழுவும்

இனி அந்த ஆறாவது குறிக்கு வருவோம். கடவுச்சொற் கோப்பில் எழுதும் உரிமை ரூட் எனப்படும் தலைமைப் பயனருக்கு மட்டுமே உண்டு. ஆனால், ஒவ்வொரு பயனரும் தம் கடவுச்சொல்லைத் தாமே மாற்றிக்கொள்ள வேண்டுமே! அதற்கு டென்னிஸ் ரிட்சி கண்ட தீர்வு இது: குறிப்பிட்ட ஒரு நிரலை யார் இயக்கினாலும், அது இயங்கும்வரை அந்நிரலின் உரிமையாளருக்குள்ள அதிகாரத்தோடு இயங்கும். கடவுச்சொல் மாற்றும் நிரல் ரூட்டுக்கு உரியது. அது உங்களுக்காக அக்கோப்பைத் திறந்து, உங்கள் வரியை மட்டும் மாற்றி மூடிவிடும். 1973-ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை கோரப்பட்டது. 1979-ஆம் ஆண்டில் அது வழங்கப்பட்டது. பின்னர்ப் பொதுப் பயன்பாட்டிற்கே விடப்பட்டது.

அருமையான தீர்வுதான். ஆயினும், அத்தகைய நிரல் ஒவ்வொன்றும் பெரிய அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாதாரணப் பயனரின் சொற்படி நடக்கும் ஏவலாள் ஆகும். அதில் சிறு பிழை இருந்தாலும், பயனர் அந்தப் பெரிய அதிகாரத்தைத் தமதாக்கிக்கொள்ள இடமுண்டு.

மேலும், யூனிக்சின் கடவுச்சொற் கோப்பை அனைவரும் படிக்கலாம் என்றே விடப்பட்டிருந்தது. உள்ளே மூலச் சொற்கள் இல்லை. மீட்டெடுக்க இயலாதவாறு உருமாற்றப்பட்ட வடிவமே இருந்தது. ஆகவே, படித்தாலும் தீங்கில்லை என்று கருதினர். 1988 நவம்பர் 2-ஆம் நாள் இணையத்தில் பரவிய மோரிஸ் புழு இந்த எண்ணத்தைப் பொய்யாக்கியது. அது தன்னிடமிருந்த 432 சொற்களையும் பயனர்களின் பெயர்களையும் ஒவ்வொன்றாக உருமாற்றிப் பார்த்து, கோப்பில் உள்ளவற்றோடு ஒப்பிட்டது. எளிய சொல்லைக் கடவுச்சொல்லாக வைத்திருந்தோர் அகப்பட்டனர். உருமாற்றிய வடிவங்களை ரூட் மட்டுமே படிக்கக்கூடிய தனிக்கோப்புக்கு மாற்றும் வழக்கம் அக்காலத்தையொட்டிப் பரவியது. ஒரு படிக்கும் உரிமையை நீக்குவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன!

விண்டோஸ்: வெற்றிடத்திலிருந்து நீண்ட பட்டியலுக்கு

தனியாள் கணினியின் கதை வேறு. 1981-ஆம் ஆண்டில் வந்த எம்.எஸ்.டாஸ் இயங்குதளத்திற்குப் பயனர் என்னும் கருத்தே கிடையாது. படிக்க மட்டும், மறைக்கப்பட்டது போன்ற சில அடையாளங்களே கோப்புக்கு இருந்தன. எவரும் அவற்றை மாற்றலாம். வீட்டில் ஒருவர் பயன்படுத்தும் கணினிக்கு அது போதும் என்றிருந்தனர்.

மற்றொரு பக்கம், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் வி.எம்.எஸ். இயங்குதளம் நான்கு வகையினரையும் நான்கு உரிமைகளையும் வைத்திருந்தது. யூனிக்சில் இல்லாத 'அழித்தல்' அங்கே தனி உரிமை. அதன் படைப்பாளர்களுள் ஒருவரான டேவ் கட்லர் 1988-ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் இணைந்தார். அவர் தலைமையில் உருவான விண்டோஸ் என்.டி. 1993-ஆம் ஆண்டில் வெளிவந்தது. மல்டிக்சின் பெயர்ப் பட்டியல் அதில் புதிய வடிவில் திரும்பி வந்தது.

அப்பட்டியலில் அனுமதிக்கும் வரியும் உண்டு. மறுக்கும் வரியும் உண்டு. 'ஆசிரியர் அனைவரும் படிக்கலாம். ஆனால், பயிற்சி ஆசிரியர் படிக்கலாகாது' என்று எழுதலாம். மேல் கோப்புறையின் விதி உள்ளே இருக்கும் கோப்புகளுக்கும் வழிவழியாக இறங்கும். யூனிக்சால் எழுத முடியாத பலவற்றை இங்கே எழுத முடியும்.

ஆனால், எழுதியதைப் படித்து அறிவதுதான் கடினமாயிற்று. மறுப்பு அனுமதியை வெல்லும் என்பது பொது விதி. இருப்பினும், கோப்பின்மீது நேராக எழுதிய அனுமதி, மேலிருந்து வழிவழியாக வந்த மறுப்பை வென்றுவிடும். பட்டியல் இருந்து அதில் ஒரு பெயரும் இல்லையெனில் எவருக்கும் அனுமதியில்லை. பட்டியலே இல்லையெனில் எல்லாருக்கும் முழு அனுமதி! வெற்றுத் தாளுக்கும் தாளே இல்லாமைக்கும் இத்துணை வேறுபாடு உண்டென்று சாதாரணப் பயனர் எவ்வாறு அறிவார்?

அறியாதபோது மனிதர்கள் இயல்பமைப்பை அப்படியே விட்டுவிடுவர். என்.டி. இயங்குதளத்திலும் விண்டோஸ் 2000-இலும் ஒரு கோப்புறையை வலையமைப்பில் பகிர்ந்தால், 'அனைவருக்கும் முழுக் கட்டுப்பாடு' என்பதே தொடக்க அமைப்பாக இருந்தது. 2001-ஆம் ஆண்டில் வந்த எக்ஸ்.பி. இயங்குதளத்தை வீட்டில் நிறுவியபோது, உருவாக்கப்பட்ட பயனர்கள் நிர்வாகிகளாகவே அமைந்தனர். வலிய பூட்டு கதவில் இருந்தது; சாவியும் அதிலேயே தொங்கியது.

பட்டியலா, சாவியா?

பெயர்ப் பட்டியலுக்கு மாற்றாக வேறொரு சிந்தனையும் நெடுநாளாக உண்டு. 1966-ஆம் ஆண்டில் ஜாக் டென்னிஸ், வான் ஹோர்ன் ஆகியோர் வெளியிட்ட கட்டுரையில் அது தோன்றியது. வாயிலில் பட்டியலுடன் ஆளை நிறுத்துவதற்கு மாறாக, உரியவர் கையில் சாவியைக் கொடுத்துவிடலாம் என்பதே அது. சாவி வைத்திருப்பவர் திறக்கலாம். அவர் பெயரை யாரும் கேட்கத் தேவையில்லை. போலியாகச் செய்ய இயலாதவாறு அச்சாவியை இயங்குதளம் காக்கும்.

1971-ஆம் ஆண்டில் பட்லர் லாம்ப்சன் இவ்விரண்டையும் ஒரே அட்டவணையின் இரு தோற்றங்களாகக் காட்டினார். பயனர்களை இடப்பக்கம் கீழ்நோக்கி எழுதுங்கள். கோப்புகளை மேலே வரிசையாக எழுதுங்கள். கட்டங்களுக்குள் உரிமைகளைக் குறியுங்கள். ஒரு கோப்புக்குக் கீழ் இறங்கும் நெடுவரிசையைப் படித்தால் அது பெயர்ப் பட்டியல். ஒரு பயனருக்கு நேராக ஓடும் கிடைவரிசையைப் படித்தால் அது சாவிக்கொத்து.

'இக்கோப்பை யார் யார் திறக்கலாம்?' என்று கேட்டால் பட்டியல் உடனே விடை தரும். சாவி முறை தடுமாறும். 'இவர் எவற்றையெல்லாம் திறக்கலாம்?' என்று கேட்டால் சாவிக்கொத்து விடை தரும். பட்டியல் முறையில் ஒவ்வொரு கோப்பாகத் தேட வேண்டும். ஓர் ஆசிரியர் வேறு பள்ளிக்கு மாற்றலாகிச் செல்லும்போது நமக்குத் தேவைப்படுவது இரண்டாம் கேள்விக்கான விடை என்பதை எண்ணிப் பாருங்கள்.

சாவி முறையின் உண்மையான பயனை 1988-ஆம் ஆண்டில் நார்ம் ஹார்டி எழுதிய ஒரு சிறு கட்டுரை விளக்கியது. டைம்ஷேர் என்னும் நிறுவனத்தில் நிரல்பெயர்ப்பி ஒன்று இருந்தது. மனிதர் எழுதிய நிரலைக் கணினி மொழிக்கு மாற்றித் தருவது அதன் பணி. தன் புள்ளிவிவரங்களை எழுதிவைக்க, இயங்குதளக் கோப்புறையில் எழுதும் உரிமையும் அதற்கு வழங்கப்பட்டிருந்தது. வாடிக்கையாளர்களின் கட்டணக் கணக்கும் அதே கோப்புறையில்தான் இருந்தது. பயனர் ஒருவர், தமக்கு வேண்டிய வெளியீட்டை எழுதுமாறு அந்தக் கட்டணக் கோப்பின் பெயரையே நிரல்பெயர்ப்பியிடம் கொடுத்தார். பயனருக்கு அக்கோப்பில் எழுத உரிமையில்லை, நிரல்பெயர்ப்பிக்கு உண்டு. இயங்குதளம் அதை அனுமதித்தது. கட்டணக் கணக்கு அழிந்தது.

ஹார்டி இதற்கு இட்ட பெயரைத் தமிழில் 'குழப்பமுற்ற பிரதிநிதி' எனலாம். இரண்டு தலைவர்களுக்குப் பணிபுரியும் ஏவலாள், எந்த வேலையை எந்தத் தலைவரின் அதிகாரத்தால் செய்கிறோம் என்று அறியாமல் குழம்பிவிடுகிறான். பயனர் கோப்பின் பெயருக்கு மாறாகத் தம் சாவியைக் கொடுக்க வேண்டியிருந்தால் இது நேர்ந்திராது. கட்டணக் கோப்பின் சாவிதான் அவரிடம் இல்லையே!

1962-இல் அச்சான கடவுச்சொற் கோப்பை இப்போது நினைத்துப் பாருங்கள். 1966-இல் இடம் மாறிய தற்காலிகக் கோப்பையும் நினைத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். வாயிலில் நிற்பவர் யார் என்று கணினி கேட்டது. அவர் யாருக்காக வந்திருக்கிறார் என்று கேட்கவில்லை.

நிரலை அயலாராகக் கருதிய காலம்

அக்கேள்வியைக் கேட்காததன் விலையைப் பொதுமக்கள் பின்னர்ச் செலுத்தினர். நாம் ஒரு நிரலை இயக்கினால் அது நம் பெயரிலேயே, நம் முழு உரிமையுடன் இயங்குகிறது. விளையாட்டு நிரலும் நாம் திறக்கக்கூடிய எல்லாக் கோப்புகளையும் திறக்கலாம். 2013-ஆம் ஆண்டில் பரவிய கிரிப்டோலாக்கர் என்னும் பணயத் தீநிரல், பயனரின் ஆவணங்களை மறையாக்கம் செய்து, மீட்கப் பணம் கேட்டது. ஆவணங்களை மாற்றி எழுத அது எந்த அனுமதி விதியையும் மீற வேண்டியிருக்கவில்லை. உரிமையாளருக்கு எழுதும் உரிமை உண்டு. தீநிரல் உரிமையாளரின் பெயரில் வந்தது. வேலியே பயிரை மேய்ந்தது.

இதற்கான மாற்று முயற்சிகள் முன்னரே தொடங்கியிருந்தன. 2000 டிசம்பரில் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை எஸ்.இ.லினக்ஸ் என்பதை வெளியிட்டது. 2003-ஆம் ஆண்டில் அது லினக்சின் கருவகத்தில் இடம்பெற்றது. அதில் ஒவ்வொரு நிரலுக்கும் கோப்புக்கும் ஓர் அடையாளச் சீட்டு உண்டு. இணையப் பக்கங்களை வழங்கும் நிரல், தனக்குரிய சீட்டுள்ள கோப்புகளை மட்டுமே தொடலாம். ஒன்பது எழுத்துகள் அனுமதித்தாலும், ரூட்டாகவே இயங்கினாலும், சீட்டு இசையாவிடில் கதவு திறவாது.

2008-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆண்ட்ராய்டு வேறொரு வழியைக் கையாண்டது. யூனிக்ஸ் மரபில் மனிதர்களுக்கு வழங்கப்பட்ட பயனர் எண்ணை அது செயலிகளுக்கு வழங்கியது. ஒவ்வொரு செயலியும் தனித்தனிப் பயனர். ஆகவே, ஒன்றன் தனிக்கோப்பை மற்றொன்று திறக்க இயலாது. பழைய பூட்டு, புதிய கதவு! 2015-ஆம் ஆண்டின் ஆறாம் பதிப்பு முதல், முக்கியமான அனுமதிகளைப் பயன்படுத்தும் வேளையிலேயே செயலி நம்மிடம் கேட்க வேண்டியதாயிற்று. மேசைக் கணினிகளும் இவ்வழியில் வந்தன. 2017-ஆம் ஆண்டில் விண்டோஸ் 10, அறியப்படாத நிரல்கள் ஆவணக் கோப்புறைகளை மாற்றாதவாறு தடுக்கும் வசதியைச் சேர்த்தது. 2019-ஆம் ஆண்டில் ஆப்பிளின் மேக் கணினி இயங்குதளமும், ஆவணங்களைத் தொடவரும் நிரல் குறித்துப் பயனரைக் கேட்கத் தொடங்கியது.

நமக்குரிய பாடம்

1975-ஆம் ஆண்டில் சால்ட்சர், ஷ்ரோடர் ஆகிய இருவரும் கணினிப் பாதுகாப்புக்குரிய எட்டு நெறிகளைத் தொகுத்துரைத்தனர். வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த அதிகாரத்தையே எவருக்கும், எந்த நிரலுக்கும் வழங்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அனுமதி எழுதப்படாதவிடத்து மறுப்பே விதியாக வேண்டும் என்பது மற்றொன்று. மனிதர்கள் எளிதில் புரிந்து, இயல்பாகவும் சரியாகவும் கையாளத்தக்கதாகப் பாதுகாப்பு அமைய வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும். இம்மூன்றையும் உரைகல்லாகக் கொண்டால் முறைகளை மதிப்பிடுவது எளிது. யூனிக்சின் ஒன்பது எழுத்துகள் புரிவதில் வென்று, நுட்பத்தில் தோற்றன. விண்டோசின் பட்டியல் நுட்பத்தில் வென்று, புரிவதில் தோற்றது. சாவி முறை நிரலுக்குரிய அதிகாரத்தை அளந்து கொடுத்தது. கொடுத்த சாவியைத் திரும்பப் பெறுவதில் இடர்ப்பட்டது. செயலிகளைப் பிரித்து வைக்கும் முறை விடுபட்ட கேள்வியைக் கேட்டது. ஆனால், விடையளிக்கும் பொறுப்பை நம் விரலுக்கே விட்டுவிட்டது. படிக்காமல் 'அனுமதி' என்று தொடுகின்ற விரல், 777 என்று அடித்த அதே விரல்தான்.

ஆசிரியர்களாகிய நாம் இவ்வரலாற்றுக்கு வெளியே நிற்கவில்லை. மேகச் சேமிப்பில் ஒரு கோப்பைப் பகிரும்போது இரண்டு தெரிவுகள் நம்முன் தோன்றுகின்றன. 'குறிப்பிட்ட மின்னஞ்சல் முகவரியினர் மட்டும்' என்பது மல்டிக்சின் பெயர்ப் பட்டியல். 'இணைப்பைப் பெற்ற எவரும்' என்பது சாவி. பயிற்றிகளை மாணவர்க்கு அனுப்பச் சாவி போதும். அது எத்தனை கைக்கு மாறினாலும் நன்மையே. மாணவரின் மதிப்பீட்டுப் பதிவுகள், பெற்றோரின் தொலைபேசி எண்கள், குடும்ப வருமான விவரங்கள் ஆகியவற்றுக்குச் சாவி ஆகாது. புலனக் குழுவில் ஒருமுறை இட்ட இணைப்பு எத்தனை குழுக்களுக்குச் செல்லும் என்பதை நாம் அறியோம். அங்கே பெயர்ப் பட்டியலே தகும். ஆண்டு முடிவில் அப்பட்டியலை ஒருமுறை படித்துப் பார்த்து, மாற்றலாகிச் சென்றோரின் பெயரை நீக்குவதும் பதிவேட்டைச் சரிபார்ப்பது போன்ற கடமையே.

நம் கோப்புகளில் உள்ள பெயர்கள் நம்முடையவை அல்ல. ஏழு வயதிலும் எட்டு வயதிலும் இருக்கும் பிள்ளைகளின் பெயர்கள் அவை. தங்களைப் பற்றி என்ன எழுதப்பட்டிருக்கிறது, அதை யார் படிக்கிறார்கள் என்று கேட்கும் வயது அவர்களுக்கு இன்னும் வரவில்லை. அவர்களுக்காக அக்கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் நாமே.